ஏஐ ஏஜென்ட் உணவின் சத்து விவரம் தேடும் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ ஏஜென்ட்டுகள் (நாம் கேட்டதற்கேற்பத் தேவையான கருவிகளைத் தாங்களே கூப்பிட்டு வேலை செய்யும் சாட்பாட் மாதிரியான மென்பொருள்கள்) உணவின் சத்து விவரங்களைத் தேடி எடுக்க உதவும் சிறிய சர்வர் ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். அதைப் பயன்படுத்துகிறவர்களும், தாங்களே இப்படி ஒன்று எழுத உட்கார்ந்தவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்துக்கொண்டு போவது நல்லது. பின்னால் வரும் சில பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

இது ஒரு ஆப்பா? இதுல நான் என்ன டைப் பண்ணணும்?

ஆப் இல்லை. நீங்கள் இதைத் திறக்கவே வேண்டியதில்லை. நீங்கள் பேசுவது ஏஜென்ட்டிடம்தான். "இரண்டு முட்டை சாப்பிட்டேன், எவ்வளவு புரதம்?" என்று கேட்கிறீர்கள். ஏஜென்ட் பின்னணியில் இந்தக் கருவியைக் கூப்பிடும். கருவி ஒரு தரவுத்தளத்தில் முட்டைக்கான பதிவைத் தேடி எடுத்துக் கொடுக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஏஜென்ட் உங்களுக்குப் பதில் சொல்லும். அதாவது இது ஏஜென்ட்டின் கையில் இருக்கும் ஒரு அகராதி மாதிரி.

சாட்பாட்டுக்கே முட்டையில எவ்வளவு புரோட்டீன்னு தெரியுமே. தனியா ஒரு கருவி எதுக்கு?

முட்டைக்குத் தெரியும். 100 கிராம் பச்சை முட்டையில் சுமார் 12.6 கிராம் புரதம் என்று பெரும்பாலான மாடல்கள் (சாட்பாட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் மூளையாக இருப்பவை) சரியாகவே சொல்லும். இணையத்தில் லட்சம் இடங்களில் எழுதப்பட்ட எண் அது. அதே முட்டையில் கோலின் எவ்வளவு, செலினியம் எவ்வளவு என்று கேளுங்கள். அல்லது யாரும் அதிகம் எழுதாத ஒரு தானியத்தின் மக்னீசியத்தைக் கேளுங்கள். அப்போதும் அதே தெளிவோடு ஓர் எண் வரும். அது நினைவிலிருந்து வந்ததா, பொருத்தமாகப் பட்டதால் வந்ததா என்பதை வாக்கியத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு தடவை கேட்டால் வேறு எண் வரலாம்.

கேள்வியைப் புரிந்துகொள்வதும் சரியான பொருளைத் தேர்ந்தெடுப்பதும் மாடலின் வேலை. எண்ணைச் சொல்வது அட்டவணையின் வேலை. அட்டவணையில் எண் இல்லை என்றால் இல்லை என்றே பதில் வர வேண்டும். இந்தக் கருவியை நான் எழுதியதே இதற்காகத்தான். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

டேட்டா எங்கேயிருந்து வருது?

முதன்மையாக ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்ற தரவுத்தளத்திலிருந்து. அமெரிக்க வேளாண்மைத் துறை 2019ல் தொடங்கியது. இதைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம், இது ஒரே அட்டவணை அல்ல என்பது. வெவ்வேறு தரத்தில் உள்ள பல தொகுப்புகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஃபவுண்டேஷன் ஃபுட்ஸ் என்ற தொகுப்பில் உணவு சிறிதளவுதான் இருக்கிறது, ஆனால் எத்தனை மாதிரிகளைப் பரிசோதித்தார்கள் என்ற விவரம் வரை கிடைக்கும். எஸ்ஆர் லெகசி பழைய தொகுப்பு. சுமார் 7,800 உணவுகள் இருக்கின்றன. 2018க்குப் பிறகு அது புதுப்பிக்கப்படவில்லை. எஃப்என்டிடிஎஸ் என்பது மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்புக்காகத் தயாரிக்கப்பட்டது. பிராண்டட் ஃபுட்ஸ் என்பது பாக்கெட் உணவுகளின் லேபிளில் உள்ளது. அங்கே நீங்கள் பார்ப்பது நிறுவனங்கள் கொடுத்த எண்.

பாக்கெட்டின் பார்கோடை வைத்துத் தேடுவதற்கு ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் பயன்படுகிறது. 2012ல் பிரான்சில் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்த்து வளர்க்கும் தளம் அது. பரப்பு மிகப் பெரியது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் பலம். கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுவே.

காசு கட்டணுமா? ஏபிஐ கீ வேணுமா?

ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு தளத்திடம் தரவு கேட்கும் வழி, கீ என்பது அதற்கான அனுமதிக் குறியீடு. ஃபுட்டேட்டா சென்ட்ரலுக்குக் காசு வேண்டாம், கீ வேண்டும். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால் உடனே கிடைக்கும். மணிக்கு 1,000 கோரிக்கைகள் வரை அனுப்பலாம். பதிவு செய்யாமல் சோதித்துப் பார்க்க டெமோ கீ இருக்கிறது. அதில் மணிக்கு 30, நாளுக்கு 50 என்று வரம்பு. ஒரு ஏஜென்ட் ஒரு வேளை உணவைக் கணக்கிடவே பத்துப் பதினைந்து தடவை கூப்பிட்டுவிடும் என்பதால் டெமோ கீயோடு நாளுக்கு மூன்று முதல் ஐந்து வேளை உணவுக்கு மேல் ஓட்ட முடியாது. தரவு பொதுச் சொத்து (பப்ளிக் டொமைன்), எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸின் உரிமம் வேறு. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அந்தத் தரவுத்தளத்தை மேம்படுத்தி வெளியிட்டால் அதையும் அதே நிபந்தனையில் திறந்துவைக்க வேண்டும்.

எம்சிபி எம்சிபின்னு எல்லாரும் சொல்றாங்களே, அது இதுல எங்க வருது?

ஏஜென்ட்டும் கருவியும் பேசிக்கொள்ளும் பொது மொழி அது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. என்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன செய்யும், என்ன உள்ளீடு கேட்கும் என்று சர்வர் ஒரு பட்டியல் கொடுக்கும். மாடல் அந்த விளக்கத்தைப் படித்து எதை எப்போது கூப்பிடுவது என்று தானே முடிவு செய்யும். ஒருமுறை எழுதினால் எம்சிபி தெரிந்த எந்த ஏஜென்ட்டோடும் இணைக்கலாம். எம்சிபி இல்லாமலும் இதே கருவியைக் கட்டலாம், ஆனால் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனியாக ஒட்டுவேலை செய்ய வேண்டியிருக்கும்.

எத்தனை டூல் வைக்கிறது நல்லது? ஏபிஐ-ல இருக்கிற எல்லாத்தையும் அப்படியே கொடுத்துடலாமா?

வேண்டாம். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பெயரை வைத்துத் தேடுவது ஒன்று, ஒரு பதிவின் விவரத்தை எடுப்பது ஒன்று, அளவைக் கொடுத்தால் கணக்கிட்டுத் தருவது ஒன்று. கருவிகள் கூடக் கூட மாடல் தவறானதைக் கூப்பிடுவதும் கூடுகிறது.

அப்புறம், ஏபிஐ தரும் பதிலை அப்படியே மாடலிடம் கொட்டாதீர்கள். ஒரே உணவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சத்துகள் வரலாம், கொழுப்பு அமிலங்களே பல டஜன். கேட்டது இரும்புச்சத்து என்றால் இரும்புச்சத்தையும் அதன் அலகையும் மூலத்தையும் மட்டும் கொடுங்கள். கருவியின் விளக்கத்தை எழுதுவதில் நேரம் செலவிடுங்கள். மாடல் உங்கள் நிரலைப் பார்ப்பதில்லை, அந்த விளக்கத்தைத்தான் பார்க்கிறது. "எல்லா மதிப்பும் 100 கிராமுக்கு" என்ற ஒரு வரி விடுபட்டதால், ஒரு முட்டைக்கு 143 கலோரி என்று பதில் வந்ததை நானே பார்த்தேன். அது 100 கிராமுக்கான எண். 50 கிராம் முட்டைக்கு அதில் பாதிதான்.

வாழைப்பழம்னு தேடினா குழந்தை உணவு, சிப்ஸ், மில்க்‌ஷேக் எல்லாம் வருது. பழம் மட்டும் வரமாட்டேங்குது. ஏன்?

நீங்கள் எல்லாத் தொகுப்புகளிலும் தேடுகிறீர்கள். மேலே சொன்ன பிராண்டட் தொகுப்பில் பதிவுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. மற்ற தொகுப்புகள் அதற்குள் மூழ்கிவிடும். சமைக்காத, பாக்கெட்டில் வராத பொருள் என்றால் முதலில் ஃபவுண்டேஷனிலும் எஸ்ஆர் லெகசியிலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் மற்றவற்றுக்குப் போகட்டும்.

பெயர் வைக்கும் முறையும் கொஞ்சம் பழக வேண்டும். அந்த அட்டவணைகளில் பொருள் முதலில் வரும், அடைமொழிகள் பின்னால் வரும்: "முட்டை, முழு, பச்சை" என்கிற மாதிரி. அந்த ஒழுங்கில் தேடும்படி கருவியின் விளக்கத்தில் ஓர் உதாரணம் கொடுத்தால் மாடல் பிடித்துக்கொள்ளும். முதல் முடிவை அப்படியே எடுக்காமல், முதல் ஐந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னும் நல்லது.

அரிசிக்கு ஒரு தடவை 365 கலோரி காட்டுது, இன்னொரு தடவை 130 காட்டுது. எது சரி?

இரண்டும் சரி. 365 என்பது 100 கிராம் பச்சை அரிசி, அதாவது வேகவைக்காதது. 130 என்பது 100 கிராம் சாதம். சத்து எங்கும் போய்விடவில்லை, தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 100 கிராம் அரிசி சுமார் 280 கிராம் சாதமாகிறது என்று இந்த இரண்டு எண்களை வகுத்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குழப்பத்தால் வரும் பிழை சின்னதல்ல, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தட்டில் இருப்பதைச் சொல்லிக் கேட்டவருக்கு வேகவைக்காத பொருளின் எண்ணை ஏஜென்ட் கொடுத்துவிட்டால் ஒரு நாள் கணக்கே குலைந்துவிடும். அதனால் என் கருவி பதிவின் நிலையைத் தனியாக எடுத்துக் காட்டும். பச்சையா, வேகவைத்ததா, வறுத்ததா என்பது கேள்வியில் தெளிவாக இல்லை என்றால், ஏஜென்ட் பயனரிடம் ஒரு வரி கேட்டுவிட்டுத் தொடர வேண்டும். இந்த இடத்தில் கேள்வி கேட்பதைத் தொந்தரவாக நினைக்க வேண்டாம்.

ஒரு கப், ஒரு ஸ்பூன்னு சொன்னா அதுக்குப் புரியுமா?

பதிவில் இருந்தால் புரியும். பல பதிவுகளில் வீட்டு அளவுகளுக்கான கிராம் எடை சேர்த்தே இருக்கிறது. எஸ்ஆர் லெகசியில் ஒரு கப் சாதம் 158 கிராம், ஒரு கப் பச்சை அரிசி 185 கிராம். கப் ஒன்றுதான், எடை பொருளுக்குப் பொருள் மாறும். பதிவில் அந்த அளவு இல்லை என்றால் ஏஜென்ட் தானாக ஓர் எடையை ஊகிக்கக் கூடாது. ஊகித்தே ஆக வேண்டும் என்றால் அது ஊகம் என்பதைப் பதிலில் எழுத வேண்டும்.

சில உணவுக்குக் கலோரியே வரமாட்டேங்குது. ஏபிஐ கோளாறா?

கோளாறு இல்லை. ஆற்றலுக்கு வழக்கமான அடையாள எண் 1008. ஃபவுண்டேஷன் தொகுப்பில் சில உணவுகளுக்கு அது இருக்காது. பதிலாக 2047, 2048 என்ற இரண்டு எண்களில் இருக்கும். அட்வாட்டர் என்ற விஞ்ஞானியின் பொதுக் காரணிகளை (ஒரு கிராம் சத்துக்கு இத்தனை கலோரி என்ற எண்களை) வைத்துக் கணக்கிட்டது முதலாவது, அந்தந்த உணவுக்கென்று உள்ள தனிக் காரணிகளை வைத்துக் கணக்கிட்டது இரண்டாவது. 1008 இல்லை என்றால் இவற்றைப் பார்க்கும்படி எழுதிவிடுங்கள், எதை எடுத்தீர்கள் என்பதையும் பதிலோடு அனுப்புங்கள்.

இதே இடத்தில் இன்னொரு குழி. ஒவ்வொரு சத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. புரதத்தின் புதிய அடையாள எண் 1003, பழைய எண் 203. தேடல் முடிவும் விவரப் பதிவும் இவற்றை வெவ்வேறு புலப் பெயர்களில் தருகின்றன. தேடலுக்கு எழுதிய நிரலை விவரத்துக்கும் பயன்படுத்தினால் எல்லாம் காலியாக வரும்.

காலியா வந்தா ஜீரோன்னு எடுத்துக்கலாம்ல?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பூஜ்யம் என்றால் பார்த்தோம், இல்லை என்று பொருள். காலி என்றால் யாரும் பார்க்கவில்லை அல்லது யாரும் சொல்லவில்லை என்று பொருள். பாக்கெட் உணவின் லேபிளில் மக்னீசியம் எழுதப்படாமல் இருப்பது சாதாரணம். எழுதாததால் அந்த உணவில் மக்னீசியம் இல்லை என்று ஆகிவிடாது. நிரல் மொழிகளில் கூட்டல் போடும்போது காலியைப் பூஜ்யமாக மாற்றுவது ஒரு சின்ன வழக்கமான வரி. அந்த ஒரு வரியில் "தெரியாது" என்பது "இல்லை" என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆரம்பத்தில் என் கருவியும் இதைச் செய்தது. ஒரு வார உணவைப் போட்டுப் பொட்டாசியத்தைக் கூட்டினேன், மிகக் குறைவாக வந்தது. ஏஜென்ட் உடனே பொட்டாசியம் நிறைந்த உணவுகளைச் சேர்க்கும்படி அக்கறையாக ஆலோசனை சொன்னது. பதிவுகளைத் திறந்து பார்த்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பொட்டாசியம் காலி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பலர் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்கள். அப்படி ஒருவர் அந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து அன்றே மாற்றி எழுதினேன். இப்போது கூட்டுத்தொகையோடு "12 உணவுகளில் 7க்கு மட்டுமே மதிப்பு இருக்கிறது, உண்மையான தொகை இதற்கு மேல் இருக்கலாம்" என்ற மாதிரி ஒரு வரியும் சேர்ந்தே போகும். அந்த வரியை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் சொல்லக் கூடாது என்று கருவியின் விளக்கத்திலும் எழுதியிருக்கிறேன். எஃப்என்டிடிஎஸ் தொகுப்பில் மட்டும் காலியே இருக்காது. அளந்த எண் இல்லாத இடங்களை அவர்கள் மதிப்பீட்டால் நிரப்பியிருக்கிறார்கள்.

சரி, லேபிளில் ஜீரோன்னே போட்டிருந்தா? அதை நம்பலாம்தானே?

அதையும் முழுதாக நம்ப முடியாது. அமெரிக்க லேபிள் விதியில் ஒரு பரிமாறலுக்கு 0.5 கிராமுக்குக் குறைவான கொழுப்பைப் பூஜ்யம் என்றே போட வேண்டும், 5 கலோரிக்குக் குறைந்ததையும் பூஜ்யம் என்று போடலாம். எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பரிமாறல் 0.25 கிராம் என்று போட்டிருந்தால் கொழுப்பும் பூஜ்யம், கலோரியும் பூஜ்யம். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் எண்ணெய்தான். பிராண்டட் தொகுப்பில் 100 கிராமுக்கான எண் லேபிளைப் பெருக்கி வந்தது என்பதால், பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும். ஏஜென்ட்டும் அதையே சொல்லும்.

பரிமாறல் அளவு மிகச் சிறியதாக இருந்து முக்கியச் சத்துகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தால், என் கருவி ஓர் எச்சரிக்கை ஒட்டி அனுப்புகிறது.

ஒரே பொருளுக்கு ஒரு இடத்துல கார்போஹைட்ரேட் 60, இன்னொரு இடத்துல 48. எதை எடுக்கிறது?

வரையறை வேறு. அமெரிக்க அட்டவணைகளில் மாவுச்சத்தை நேரடியாக அளப்பதில்லை. 100 கிராமிலிருந்து தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் இவற்றைக் கழித்து மிச்சத்தை மாவுச்சத்து என்கிறார்கள். நார்ச்சத்தும் அந்த மிச்சத்துக்குள்தான். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தைத் தனியாக எழுதுவார்கள், மாவுச்சத்துக்குள் சேர்க்கமாட்டார்கள். 12 கிராம் நார்ச்சத்து உள்ள பொருளுக்கு அமெரிக்க அட்டவணையில் 60, ஐரோப்பிய லேபிளில் 48. இதை அறியாமல் ஐரோப்பிய எண்ணிலிருந்து நார்ச்சத்தை மறுபடி கழித்தால் 36 ஆகிவிடும். மாவுச்சத்தைக் கணக்கிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

அலகுகளிலும் இதே கவனம் தேவை. ஃபுட்டேட்டா சென்ட்ரல் சோடியத்தை மில்லிகிராமில் தரும், ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் கிராமில் தரும். ஐரோப்பிய லேபிள் சோடியத்தையே எழுதாது, உப்பு என்று எழுதும். அது சோடியத்தை 2.5ஆல் பெருக்கி வந்தது. வைட்டமின் டி லேபிள்களில் 40 ஐயூ (சர்வதேச அலகு) என்பது 1 மைக்ரோகிராம். இந்த மாற்றங்களை எல்லாம் நிரலிலேயே முடித்துவிட்டு, ஒரே அலகில் மாடலிடம் கொடுங்கள்.

கூட்டல் பெருக்கலை மாடலே பண்ணட்டுமே?

பெரும்பாலும் சரியாகச் செய்யும். எப்போது தவறும் என்று முன்கூட்டியே தெரியாது. கணக்குக்கு என்று ஒரு டூல் வைத்ததே அதனால்தான்.

12.56 கிராம்னு ரெண்டு தசமம் வரைக்கும் காட்டுதே, அவ்வளவு துல்லியமா?

இல்லை. அது பல மாதிரிகளின் சராசரி. உங்கள் கையில் இருக்கும் முட்டை வேறு. அதோடு, புரதம் என்பதே நேரடி அளவு அல்ல. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து பொதுவாக 6.25ஆல் பெருக்குகிறார்கள், பாலுக்கு 6.38. கலோரியும் அப்படித்தான். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று அட்வாட்டர் வகுத்த வழியில் பெருக்கிக் கூட்டியது. உள்ளே கணக்கிடும்போது தசமங்களை வைத்துக்கொள்ளுங்கள், பயனரிடம் சொல்லும்போது முழு எண்ணாக்குங்கள். "சுமார் 6 கிராம்" என்பது "6.28 கிராம்" என்பதைவிட நேர்மையான பதில்.

தமிழ்ல கேட்டா கண்டுபிடிக்குமா?

தரவுத்தளத்துக்குத் தமிழ் தெரியாது, மாடலுக்குத் தெரியும். அதுவே ஆங்கிலமாக்கித் தேடிக்கொள்ளும். சிக்கல் வருவது பொதுப் பெயர்களில். கீரை என்று மட்டும் சொன்னால் மாடல் பெரும்பாலும் ஸ்பினாச் என்று மாற்றிவிடும். நாம் கீரை என்று சொல்வது எத்தனையோ செடிகளை. பருப்பும் அப்படித்தான். எந்தப் பதிவைத் தேர்ந்தெடுத்தது என்று பதிலில் பெயரோடு காட்டச் சொல்லுங்கள், தவறு இருந்தால் கண்ணில் படும்.

பதிவு எண்ணைச் சேமிச்சு வெச்சுக்கிட்டா மறுபடி தேட வேண்டாம்தானே?

எஸ்ஆர் லெகசிக்குத் தாராளமாகச் சேமிக்கலாம். பிராண்டட் பதிவு புதுப்பிக்கப்படும்போது அதற்குப் புதிய எண் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே பார்கோடைச் சேமித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து தேடுவது பாதுகாப்பு. எடுத்த தேதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வர் பதில் தரலைன்னா ஏஜென்ட் என்ன பண்ணும்?

விட்டுவிட்டால், நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லிவிடும். அதுவும் கருவியிலிருந்து வந்த மற்ற எண்களோடு சேர்த்து, ஒரே பட்டியலில். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பயமான விஷயம், ஏனென்றால் பயனர் அந்தப் பட்டியல் முழுவதையும் ஒரே அளவு நம்புவார்.

"அந்த உணவு அட்டவணையில் இல்லை" என்பதும் "கோரிக்கை வரம்பு தாண்டிவிட்டது, இப்போது பார்க்க முடியவில்லை" என்பதும் வெவ்வேறு செய்திகள். வெறும் பிழை எண்ணை அனுப்பாமல், இரண்டையும் தெளிவான வாக்கியங்களாக மாடலிடம் அனுப்புங்கள். "இந்த மதிப்பை ஊகிக்காதே, கிடைக்கவில்லை என்று பயனரிடம் சொல்" என்பதையும் அந்தச் செய்தியிலேயே சேருங்கள். அப்போதும் மாடல் நூற்றுக்கு நூறு கேட்கும் என்று இல்லை. ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூலத்தின் பெயரைக் காட்டச் செய்யுங்கள், மூலம் இல்லாத எண் தனியாகத் தெரியும்.

உணவுப் பெயர்ல யாராவது விஷமமா ஏதாவது எழுதி வெச்சா?

நடக்கக்கூடியதுதான். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று மேலே சொன்னேன். பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு இதைச் செய்" என்று யாராவது எழுதினால் அதுவும் மாடலின் முன்னால் போய்விழும். பெயரின் நீளத்துக்கு வரம்பு வையுங்கள். மூலப்பொருள் பட்டியல் போன்ற நீண்ட உரைகளைக் கேட்டால் மட்டும் கொடுங்கள். எண்களை எண்களாக மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தக் கருவியை வைத்திருக்கும் ஏஜென்ட்டிடம் மின்னஞ்சல் அனுப்பும் அதிகாரமும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

எனக்குச் சர்க்கரை இருக்கு, பையனுக்கு நிலக்கடலை அலர்ஜி. இதை நம்பிச் சாப்பாடு முடிவு பண்ணலாமா?

அலர்ஜிக்கு வேண்டவே வேண்டாம். தயாரிப்பு மாறியிருக்கும், பதிவு பழையதாக இருக்கும், யாரோ ஒருவர் பட்டியலைப் பாதியில் விட்டிருப்பார். கையில் இருக்கும் பாக்கெட்டைப் படியுங்கள். என் கருவியில் அலர்ஜித் தேடலை நான் வைக்கவே இல்லை. பலர் கேட்டும் மறுத்துவிட்டேன்.

சர்க்கரை நோய்க்கு, எந்த உணவில் மாவுச்சத்து கூடுதல் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும், மருத்துவரிடம் கொண்டுபோகும் உணவுக் குறிப்பைத் தயாரிக்கவும் இது உதவும். இன்சுலின் அளவை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். காரணங்கள் மேலேயே இருக்கின்றன: பச்சையா வெந்ததா என்ற குழப்பம், நார்ச்சத்து வரையறை, கப் அளவு. ஒவ்வொன்றும் எண்ணை எவ்வளவு மாற்றும் என்று பார்த்தீர்கள்.

ரெண்டு தரவுத்தளம் ரெண்டு எண் சொன்னா, சராசரி எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். பரிசோதனையில் வந்த எண்ணையும் லேபிளில் வந்த எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால், எந்த உணவுக்கும் சொந்தமில்லாத, எந்த மூலத்தையும் காட்ட முடியாத மூன்றாவது எண் ஒன்று பிறக்கும். முதலில் வரையறையும் அலகும் நிலையும் ஒன்றா என்று பாருங்கள். வித்தியாசத்துக்குக் காரணம் பல நேரம் அங்கேயே கிடைத்துவிடும். அதற்குப் பிறகும் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் மூலத்தோடு காட்டுங்கள். ஒரே எண்தான் வேண்டும் என்று பயனர் கேட்டால், சாதாரணப் பொருளுக்கு ஃபவுண்டேஷன், குறிப்பிட்ட பாக்கெட்டுக்கு அந்த பாக்கெட்டின் லேபிள். நான் இந்த ஒழுங்கைத்தான் வைத்திருக்கிறேன்.